கைப்பேசி வாங்கப் போகிறவருக்கு

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரு குடும்பம் புதிய கைப்பேசி வாங்க உத்தேசித்துவிட்டால், அந்த உத்தேசம் அந்த வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை. மாடி போர்ஷன்காரர், எதிர் வீட்டு அக்கா, இராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கிக்கொண்டிருக்கும் சித்தப்பா மகன், மல்லேஸ்வரத்துக் கல்லூரிக்குப் போய்வரும் பெண் ஆகிய சகலரும் அதில் அபிப்பிராயம் சொல்லும் பாத்தியதை உடையவர்களாகிவிடுகிறார்கள். ஒருவர் ஆண்ட்ராய்டுதான் நமக்குச் சரிப்படும் என்பார். மற்றொருவர், வாங்கினால் ஐபோன் வாங்கு, இல்லையேல் இருப்பதை வைத்துக்கொண்டு சும்மா இரு என்பார். மூன்றாமவர், எதுவாயினும் தவணையில்தானே வாங்கப்போகிறாய், பெரியதாகவே வாங்கிவிடு என்று யோசனை சொல்லித் தம் பங்குக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். கேமராவின் சக்தி, பேட்டரியின் ஆயுள், பண்டிகைத் தள்ளுபடி ஆகியவை பற்றி இந்தச் சம்பாஷணைகளில் பேச்சுக்குக் குறைவே இல்லை. வாங்கிய பின் அந்த யந்திரத்தோடு எத்தனை வருஷம் குடித்தனம் நடத்த முடியும், பழுதுபட்டால் நடந்துபோகும் தூரத்தில் கைகொடுக்க யார் இருக்கிறார்கள், பிடிக்காமற்போனால் அதைவிட்டு வெளியேற என்ன செலவாகும் என்பவற்றை மாத்திரம் யாரும் பிரஸ்தாபிப்பதில்லை. சாமானியக் குடும்பத்துக்கு எந்தக் கைப்பேசி உகந்தது என்பதை நிச்சயிக்கிறவை இந்தக் கேள்விகளே என்பது என் கட்சி.

இந்தப் பேட்டையின் தமிழர்களில் பெரும்பாலோருடைய பாட்டனார்கள் மில் சங்கு கேட்டு எழுந்தவர்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் வந்து, 1884இல் தோன்றிய பின்னி மில்லிலும், மினர்வா மில்லிலும், மல்லேஸ்வரத்து ராஜா மில்லிலும், ரயில்வேயிலும் வேலைக்கு அமர்ந்து, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள். அந்த ராஜா மில் இருந்த நிலத்தில் இன்று மந்திரி மால் எழுந்து நிற்கிறது. அதற்குள் ஏறி இறங்கும் மின்படிகளின் இருபுறமும் கைப்பேசிகளின் விளம்பரங்கள் பளபளக்கின்றன. அங்கிருந்து பச்சை வழி மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிலையம் ஸ்ரீராம்புரம். 2014 மார்ச்சில் திறக்கப்பட்ட இந்தப் பாதையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போனால் பீன்யா வருகிறது. அமெரிக்க ஸ்தாபனமான ஆப்பிளின் ஐபோன் இந்திய மண்ணில் முதன்முதலாகக் கோக்கப்பட்டது அந்தப் பீன்யாவில்தான். தைவான் நாட்டு விஸ்ட்ரான் கம்பெனி 2017இல் அங்கே ஐபோன் எஸ்.இ. என்னும் ரகத்தைத் தயாரிக்கத் தொடங்கிற்று. நூல் நூற்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, உலகம் முழுவதும் ஆசைப்படும் ஒரு சாமான் தங்கள் மெட்ரோ பாதையிலேயே உற்பத்தியானதில் ஒரு பெருமை உண்டு. ஆனால் உற்பத்தியான இடத்துக்கும் உபயோகமாகும் இடத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை மெட்ரோ நிலையங்களைக் கொண்டு அளந்துவிட முடியாது.

கைப்பேசியின் கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குப் புலப்படாமல் இருந்துகொண்டு, தொட்டால் திறப்பதும் தேய்த்தால் நகர்வதும் ஆகிய சகல காரியங்களையும் நடத்துகிற மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். உலகில் இன்று விற்பனையாகும் கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டே இயங்குதளங்களில் அடங்கிவிடுகின்றன. ஒன்று, 2003இல் கலிபோர்னியாவில் ஒரு சிறு கம்பெனியாகத் தொடங்கி, 2005இல் கூகுளால் வாங்கப்பட்டு, 2008இல் முதல் கைப்பேசிக்குள் அமர்ந்து வெளிவந்த ஆண்ட்ராய்டு. மற்றொன்று, 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி அறிமுகப்படுத்திய ஐபோனுக்குள் இருக்கும் ஐ.ஓ.எஸ். ஐபோன் 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் ஆரம்ப விலை 31,000 ரூபாய் என்று கேள்விப்பட்டு, அந்தக் காலத்து ஸ்ரீராம்புரம் சிரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கும். இன்று இந்தியர் கையிலுள்ள ஸ்மார்ட்போன்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டுதான் என்றாலும், தெருவுக்குச் சில வீடுகளில் ஐபோனும் புகுந்துவிட்டது. தவணைமுறை என்னும் உபாயம் வந்த பின் எட்டாக் கனி என்று ஒன்றில்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் பேட்டைப் பெரியவர்களுக்கு விளங்கும்படி சொல்வதானால், ஐபோன் மில் முதலாளி கட்டிக்கொடுத்த லைன் வீட்டைப் போன்றது. சுவர் அவருடையது, குழாய் அவருடையது, வாசலில் நிற்கும் காவற்காரரும் அவருடைய ஆள்; உள்ளே யார் வரலாம், என்ன கொண்டுவரலாம் என்பதை அவரே தீர்மானிப்பார்; பதிலுக்குக் கூரை ஒழுகினால் அவரே ஆள் அனுப்புவார். ஆண்ட்ராய்டில் கூகுள் வீட்டின் வரைபடத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டது. சாம்சங், ஷாவ்மி, விவோ, ஓப்போ முதலான கம்பெனிகள் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு அவரவர் வசதிப்படி வீடு கட்டி, வர்ணம் பூசி, தாழ்வாரத்தில் தங்கள் விளம்பரப் பலகைகளையும் மாட்டி விற்கின்றன. ஆகையினால்தான் 8,000 ரூபாய்க்கும் ஆண்ட்ராய்டு கிடைக்கிறது, ஒன்றரை லட்சத்துக்கும் கிடைக்கிறது. ஒரே ஆண்ட்ராய்டுதான் என்று நம்பி வாங்கியவர் அண்ணன் போனில் இருந்த பொத்தான் தம்பி போனில் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

இலவசமாகக் கொடுப்பதில் கூகுளுக்கு என்ன லாபம் என்ற சந்தேகம் நியாயமானதே. வரைபடம் இலவசமாயினும், ப்ளே ஸ்டோர், மேப்ஸ், யூட்யூப் முதலான பிரபலமான செயலிகளைச் சேர்க்க வேண்டுமானால் தயாரிப்பாளர் கூகுளோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இந்த ஒப்பந்தங்கள், ஒன்று வேண்டுமானால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஏற்க வேண்டும் என்று நிர்ப்பந்தம் செய்கின்றன என்று கருதி, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் மறு வருஷம் மார்ச்சில் அந்த அபராதத்தை உறுதி செய்தது. கூகுளின் பிரதான வருமானம் விளம்பரத்தில் இருக்கிறது. ஆப்பிளின் பிரதான வருமானம் யந்திரத்தின் விலையில் இருக்கிறது. இவ்விருவரும் ஜென்ம விரோதிகள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கட்சிக்காரர்களும் தெருமுனையில் கட்டி உருளுகிறார்கள். ஐபோனில் தேடுகிறவர்களைத் தன்னிடம் அனுப்பிவைப்பதற்காகக் கூகுள் 2022 என்னும் ஒரே வருஷத்தில் ஆப்பிளுக்குக் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர் என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிப்பட்ட பிறகும் அந்த உருளல் நின்றபாடில்லை.

கைப்பேசி உலகில் இரண்டு தளங்களே மிஞ்சியது எப்படி என்பதை அறிந்துகொள்வது, வாங்கப் போகிறவருக்கு விலைப்பட்டியலைக் காட்டிலும் பிரயோஜனமானது. அந்தச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் ஸ்ரீராம்புரத்துக்கு மிகவும் சமீபத்தில், போக்குவரத்து நெரிசல் இல்லாத நேரமானால் ஆட்டோவில் கால் மணியில் போய்விடக்கூடிய இந்திய அறிவியல் கழகத்தில் நிகழ்ந்தது. பெங்களூரில் அதை டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். அங்கே ஸ்வாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய பேராசிரியர்கள், என்கோர் சாப்ட்வேர் கம்பெனியைச் சேர்ந்த வினய் தேஷ்பாண்டே முதலியோருடன் கூடி, எழுத்தறிவு குறைந்த இந்தியக் கிராமவாசியும் கையாளக்கூடிய ஒரு கையடக்கக் கணினியைச் செய்யத் துணிந்தார்கள். 1998இல் கருவான அந்த யந்திரம் 2001இல் சிம்ப்யூட்டர் என்ற நாமத்துடன் உலகுக்குக் காட்டப்பட்டது. தொட்டு இயக்கும் திரை, லினக்ஸ் என்னும் எவரும் எடுத்தாளக்கூடிய மென்பொருள், எழுத்தை இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் ஆற்றல், கிராமம் முழுவதும் ஒரே கருவியைப் பகிர்ந்துகொண்டு ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் அட்டையில் தத்தம் கணக்கை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகிய இவையெல்லாம் அதில் இருந்தன. 2004இல் ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்து, அமிடா என்ற பெயரில் ஏறக்குறைய 10,000 ரூபாய் முதல் விற்பனைக்கு வந்த ரகத்தில், கையை லேசாக அசைத்தால் பக்கம் புரளும் விந்தை கூட இருந்தது. ஐபோன் பிறக்க அப்போது இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

இத்தனை சிறப்பும் வாய்ந்த சிம்ப்யூட்டர் சில ஆயிரங்களுக்கு மேல் விற்கவில்லை. அதன் ஆக்கியோர்களிடத்தில் புத்திக்குப் பஞ்சமில்லை. கருவியிலும் பெரிய குறை சொல்ல இடமில்லை. அதை வைத்துக்கொண்டு செய்யத்தக்க காரியங்களை எழுதித்தர ஊர் நிறைய ஆட்கள் சேரவில்லை; சர்க்கார்கள் மொத்தமாக வாங்கும் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை; அதே வருஷங்களில் பேசுவதற்கு மாத்திரம் உதவும் மலிவான செல்போன் கூலிக்காரர் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு கருவியைச் சுற்றி ஜனங்கள் சேரச் சேர அதற்குச் செயலி எழுதுகிறவர்கள் வருகிறார்கள்; செயலிகள் வரவர மேலும் ஜனங்கள் சேருகிறார்கள். இந்தச் சக்கரம் சுழலத் தொடங்காவிட்டால் உத்தமமான யந்திரமும் அலமாரியில் தூங்க வேண்டியதுதான்.

இதே கதி பணபலம் படைத்தவர்களுக்கும் நேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொழிற்சாலை திறந்து ஆயிரக்கணக்கான தமிழ்நாட்டுப் பெண்களுக்கு வேலை கொடுத்த நோக்கியா, தன் சிம்பியன் தளத்தைக் கைவிட்டு 2011இல் மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனோடு கைகோத்தது. 2014இல் கைப்பேசித் தொழிலையே மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை மாத்திரம் கைமாறாமல் அவ்வருஷம் நவம்பரில் மூடப்பட்டது. விண்டோஸ் போன் பார்வைக்கு அழகானது, பழகுவதற்கும் எளியது. எனினும் செயலிகள் அதைத் தேடி வரவில்லை. 2019 டிசம்பர் 31உடன் வாட்ஸ்அப்பும் அதில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. உள்ளே உயிர் இருந்தும், ஊரோடு பேச முடியாத அந்தப் போன்களை ஜனங்கள் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் உத்தியோகஸ்தர்களின் இடுப்பை அலங்கரித்த பிளாக்பெர்ரியின் சொந்தத் தளம் 2022 ஜனவரி 4 அன்று சேவையை முடித்துக்கொண்டது. பயர்பாக்ஸ் தளத்தோடு 2014இல் 1,999 ரூபாய்க்கு வந்த இன்டெக்ஸ் போனை வாங்கியவர்களும் ஏமாந்தார்கள். ஆனால் அந்தத் தளத்தின் மிச்சத்திலிருந்து கிளைத்த காய் ஓ.எஸ்., 2017இல் 1,500 ரூபாய் முன்பணத்துக்குக் கிடைத்த ஜியோபோனுக்குள் புகுந்து மறுஜென்மம் எடுத்தது. நோக்கியா காலிசெய்த ஸ்ரீபெரும்புதூர் வளாகத்தைப் பின்னர் வாங்கிய சால்காம்ப் கம்பெனி, சார்ஜர் தயாரிக்கிறது. அதன் வாடிக்கையாளர்களில் ஆப்பிளும் ஒன்று.

ஆகையால் நண்பர்களிடம் இல்லாத, தெருவில் ஒருவரும் வைத்திராத ஓர் அபூர்வமான தளத்தில் அமைந்த கைப்பேசியை, அது எத்தனை உயர்ந்த லட்சியத்தோடு செய்யப்பட்டதாயினும், வீட்டுக்கு இருக்கும் ஒரே கைப்பேசியாக வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சுதேசி அபிமானம் நல்லதே. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் உருவாகி 2023 ஜனவரியில் அறிமுகமான பரோஸ் போன்ற முயற்சிகள் வளர வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் ஓ.டி.பி. கேட்டு நிற்கும் வேளையில் லட்சியம் துணைக்கு வராது.

துணைக்கு வருகிறவர் யார் என்பதை அறிய விரும்புவோர் ஸ்ரீராம்புரத்து ரிப்பேர் கடை ஒன்றின் வாசலில் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். ஓர் ஆள் திரும்பினால் மறு ஆள் ஒதுங்க வேண்டிய அகலம். சுவர் முழுவதும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பின்னுறைகள். கண்ணாடிக் கல்லாவின் மேல் பூதக்கண்ணாடி விளக்கு, சாமணம், சூடான காற்றை ஊதும் துப்பாக்கி, சின்னச் சின்னத் திருகாணிகள் சிதறாமல் பிடித்து வைக்கும் காந்தப் பாய். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்து தம் ஆண்ட்ராய்டை நீட்டுகிறார்.

“ரொம்ப ஸ்லோவா ஓடுதுப்பா. புதுசு வாங்கித்தான் ஆகணும்னு பையன் சொல்றான்.”

“இருங்க தாத்தா, அவசரப்படாதீங்க,” என்று கடைக்காரர் வாங்கிப் பார்க்கிறார். “மெமரி ஃபுல்லு, அவ்ளோதான். தினம் எத்தனை குட் மார்னிங் வருது உங்களுக்கு?”

“அது வரும் நிறைய. நம்ம மில் ஆளுங்க குரூப்பு இருக்கில்ல.”

கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டி அனுமதி கேட்டுக்கொண்டே அழிக்கிறார். ரோஜாப்பூ போகிறது, சூரியோதயம் போகிறது, காப்பிக் கோப்பை போகிறது. “முருகரை மட்டும் அழிச்சுடாதேப்பா” என்று பெரியவர் குறுக்கிடுகிறார். முருகர் தப்புகிறார். இந்தியர்களின் காலை வணக்கப் படங்களால் கைப்பேசிகள் நிரம்பி மூச்சுத் திணறுவதைக் கூகுளின் பொறியாளர்களே கண்டறிந்து, அவற்றைப் பொறுக்கி எடுத்து நீக்கவும் உதவும் ஃபைல்ஸ் கோ என்னும் செயலியை 2017 டிசம்பரில் வெளியிட்டார்கள் என்றால், இந்தப் பெரியவரின் சங்கடம் எத்தனை பேருடைய சங்கடம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பதினைந்தாயிரம் ரூபாய்ச் செலவு ஒன்று இவ்வாறு கால் மணியில் தவிர்க்கப்பட்டது. கடைக்காரர் கூலியாகக் கேட்டது சொற்பத் தொகை.

அடுத்து வருகிறவன் ஓர் இளைஞன். கைமாற்றி வாங்கிய ஐபோன், திரை நொறுங்கியிருக்கிறது. இவனிடம் அதே கடைக்காரர் வேறு தோரணையில் பேசுகிறார். ஆண்ட்ராய்டாக இருந்தால் உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு ஆள் அனுப்பி, கண்ணாடியும் திரையும் சேர்ந்த காம்போவை மத்தியானத்துக்குள் வரவழைத்து மாட்டிவிடுவார். ஐபோனுக்கும் வெளி காம்போ இருக்கிறது. ஆனால் ஆப்பிள் தன் பாகங்களை ஒவ்வொரு யந்திரத்தோடும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பதால், புதிய ரகங்களில் வெளிப்பாகம் ஒன்றை மாட்டியவுடன் இது இன்னதென்று தெரியாத பாகம் என்று செட்டிங்ஸில் ஓர் அறிவிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும், நாளைக்கு விற்கும்போது விலை இறங்கும் என்பதை அவர் முன்னதாகவே சொல்லிவிடுகிறார். அசல் பாகம் வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே சொல்லும் தொகையைக் கேட்டுவிட்டு இளைஞன் மறுபடியும் இங்கேயே வருவான் என்பது கடைக்காரரின் ஜோசியம். 2025 செப்டம்பரில் பெங்களூர் ஹெப்பாளத்தில் ஆப்பிளின் சொந்தக் கடையே திறந்துவிட்டது. பளிங்கு போன்ற இடம், மரியாதையான உபசாரம். என்றாலும் இரவு எட்டு மணிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்றால் பனியனோடு நடந்துபோய்க் கேட்கக்கூடிய இடம் அது அல்ல.

இவ்வளவும் சொன்னதால் நான் ஆண்ட்ராய்டு கட்சி என்று வாசகர் நினைத்துவிட வேண்டாம். லைன் வீட்டுக் காவற்காரரால் நன்மையும் உண்டு. கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சலான் என்றும், வங்கியின் கே.ஒய்.சி. என்றும் வேஷம் போட்டுக்கொண்டு வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பு ஒன்றைத் தொட்டு நிறுவிவிட்டு, வருகிற ஓ.டி.பி.க்களையெல்லாம் திருடனிடம் ஒப்படைத்து, சேமிப்பை இழந்தவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. அந்தக் கோப்பு ஆண்ட்ராய்டுக்கென்றே செய்யப்பட்டது. ஐபோனில் அது திறக்காது. நம் நாட்டில் ஐபோனுக்குச் செயலி ஆப்பிளின் கடை வழியாக மாத்திரமே வர முடியும். ஆண்ட்ராய்டிலும் தெரியாத இடத்திலிருந்து வருவதை நிறுவட்டுமா என்று யந்திரம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கத்தான் செய்கிறது. கேட்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் என்பதாலும், எதைக் கேட்டாலும் சரி என்று அழுத்திப் பழகிவிட்டதாலும் கை முந்திக்கொள்கிறது. பணம் போய்விட்டால் அழுதுகொண்டிராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாழிகைக்கும் பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும். போனே தொலைந்துபோனால் மத்திய சர்க்காரின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கலாம். அந்த எண் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் திரையில் தோன்றும். போன் கையில் இருக்கும்போதே அதைக் குறித்து வைக்கிறவர் விவேகி.

கண்பார்வை இல்லாதவர்களுக்கு 2009 முதலே ஐபோன் திரையை வாசித்துச் சொல்லிவருகிறது. ஆண்ட்ராய்டிலும் அவ்வசதி உண்டு. எழுதுவதைவிடப் பேசுவது சுலபமாக இருக்கும் பாட்டிமார்களுக்கு, 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழையும் கன்னடத்தையும் குரல் தட்டச்சில் சேர்த்தது பெரிய உபகாரம். பேத்திக்குத் தமிழில் ஒரு செய்தியும், வீட்டுக்காரம்மாவுக்குக் கன்னடத்தில் ஒரு செய்தியும் வாயாலேயே சொல்லி அனுப்பும் மூதாட்டிகள் இன்று உண்டு. மொழியைப் பொறுத்தமட்டில் முன்னாளில் தமிழெழுத்து கட்டம் கட்டமாகச் சிதறிய காலம் மலையேறிவிட்டது. 2005இல் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் செல்லினத்தைக் கொண்டுவந்து கைப்பேசியில் தமிழை ஏற்றிய நாளிலிருந்து பலர் உழைத்ததன் பலனாக, இரண்டு தளங்களிலும் தமிழ் சரளமாக ஓடுகிறது. இதில் கட்சி கட்ட வேண்டியதில்லை.

ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்குக் குடி மாறுவதில் உள்ள கஷ்டத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் பழைய பேச்சுகளைக் கூகுளின் கிடங்கில் வைக்கிறது. ஐபோனில் ஆப்பிளின் கிடங்கில் வைக்கிறது. ஒன்றில் வைத்ததை மற்றொன்று நேரே எடுத்துக்கொள்ளாது. 2022இலிருந்து ஆண்ட்ராய்டுப் பேச்சுகளை ஐபோனுக்கு மாற்ற வழி ஏற்பட்டிருக்கிறது என்றாலும், புதிய ஐபோனைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தொடங்கி வைக்கும் அந்த முதல் சந்தர்ப்பத்தில் செய்துகொண்டால்தான் சுளுவு. ஆசையோடு நாலு நாள் உபயோகித்துவிட்டுப் பிறகு மாற்றப் போனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க நேரும். காலஞ்சென்ற தகப்பனார் அனுப்பிய குரல் செய்தி பழைய போனிலேயே தங்கிவிட்டது என்று கலங்குகிறவர்களுக்கு எந்தக் கேமராவும் ஈடாகாது.

யு.பி.ஐ.யிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2016இல் தொடங்கிய இந்தப் பணமாற்று முறை இன்று பூக்காரம்மாவின் கூடையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போனை மாற்றியவுடன், வங்கியில் பதிந்த எண்ணுள்ள சிம் இந்தப் போனில்தான் இருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள, அந்தச் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போயாக வேண்டும். ஆண்ட்ராய்டில் செயலியே அதை அனுப்பிவிடும். ஐபோனில் எழுதி வைத்துக் காட்டும், நாம்தான் அனுப்பு என்று அழுத்த வேண்டும். இது தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. சிம்மில் குறுஞ்செய்தி அனுப்பத் தொகை இல்லாததால் வேலை நடக்காமல், போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துவருகிறவர்களும் உண்டு. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை என்ற சின்ன விஷயத்தை மனசில் பதித்துக்கொண்டால் மோசடிகளில் பாதி அண்டாது. 2025 ஜூலையில் வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, பெங்களூரில் பல கடைகளில் ரொக்கம் மாத்திரம் என்று அட்டை தொங்கிற்று. ஸ்மார்ட்போனே வேண்டாம் என்று இருப்பவர்களுக்கும், சாதாரண பட்டன் போனிலேயே பணம் அனுப்ப யு.பி.ஐ. 123பே என்ற ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்திருக்கிறது. மெட்ரோ டிக்கெட் வாட்ஸ்அப்பில் வாங்க முடிகிறது என்பதற்காக எல்லோரும் ஸ்மார்ட்போன் வாங்கித்தான் தீரவேண்டும் என்பதில்லை. ஸ்ரீராம்புரம் நிலையத்துக் கவுண்டருக்கு நடந்து போகிறவரை யாரும் தடுப்பதில்லை.

அப்படியானால் எதை வாங்குவது? குடும்பத்தில் நாலு பேரிடம் ஆண்ட்ராய்டு இருந்தால் ஐந்தாமவரும் ஆண்ட்ராய்டே வாங்கட்டும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆள் இருக்கும். வாங்கும்போது, பாதுகாப்பு மேம்பாடுகள் எத்தனை வருஷத்துக்கு வரும் என்று கடையில் கேட்க வேண்டும். கேமராவின் மெகாபிக்சலைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் எஸ்24க்கும் ஏழு வருஷம் என்று வாக்களித்தன. ஐபோனும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். விலை மலிந்த ரகங்கள் பலவற்றுக்கு அத்தனை ஆயுசு இல்லை. வருஷக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 30,000 ரூபாய்ப் போன் சில சமயம் 12,000 ரூபாய்ப் போனைவிட மலிவாக முடியும். தனியே வசிக்கும் முதியவருக்கு, மகனோ மகளோ ஐபோன் வைத்திருந்து வாரம் தவறாமல் வந்து பார்ப்பவராயிருந்தால், அவர்களுடைய பழைய ஐபோனே போதும். அவர்கள் அமெரிக்காவில் இருந்துகொண்டு அன்பின் மிகுதியால் அனுப்பிவைக்கும் ஐபோனைவிட, எதிர் வீட்டுப் பையனுக்குத் தெரிந்த ஆண்ட்ராய்டு மேல்.

பழைய போனை அம்மாவுக்குக் கொடுக்கும் வழக்கம் எல்லா வீடுகளிலும் இருப்பதால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணக்கிலிருந்து முறைப்படி வெளியேறாமல் போனை அழித்துவிட்டால், இரண்டு தளங்களிலும் அது பூட்டிக்கொண்டு, முந்தைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். திருடனைத் தடுப்பதற்காக ஏற்பட்ட பூட்டு, பெற்ற தாயையும் வாசலில் நிறுத்திவிடும். கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்கக் கூடாது என்று நிபுணர்கள் உபதேசிக்கிறார்கள். போனின் பின்னுறைக்குள் சீட்டில் எழுதிச் செருகி வைக்கும் வழக்கத்தை நானும் ஒப்பமாட்டேன். ஆனால் வீட்டில் பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பது, மறந்துவிட்டுத் திண்டாடுவதைவிடச் சிலாக்கியமானது என்றே எனக்குப் படுகிறது. அப்படிப் பூட்டிக்கொண்ட போன் ரிப்பேர் கடைக்கு வந்தால், யோக்கியமான கடைக்காரர் முதலில் கேட்பது, “பில் இருக்காம்மா?” என்றுதான். பில் இருந்தால் கம்பெனியிடம் சொல்லிப் பூட்டைத் திறக்க வழி உண்டு. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பீரோவைத் துழாவி அவர்கள் வெற்றியோடு கொண்டுவருவது, பெரும்பாலும் அதற்கு முந்தைய போனின் பில்லாக இருக்கிறது.